எல்லைக்கல் சொல்லும் வரலாறு

பேரரசுகளின் தலைநகரங்களுக்கு வரலாறு எழுதப் பலர் உளர். சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவோர் அரியர். கோட்டை கொத்தளங்களும் கொலுமண்டபங்களும் இருக்குமிடத்தில்தான் வரலாறு வாழ்கிறது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டதே இதற்குக் காரணம். ஆனால், துளையிட்ட ஒரு கல், மலையோரத்தில் ஒரு நீரூற்று, வயல்வெளியில் வட்டச் சுவர் சூழ்ந்த சில கல்லறைகள் ஆகியவற்றையே தலையாய சின்னங்களாகக் கொண்டு உலகத்தார் நினைவில் நிலைத்துவிட்ட சிற்றூர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அவ்வூரின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

ஊரும் பெயரும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் மாவட்டம் உள்ளது. குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் சுண்ணாம்புப் பாறைகளும் நிறைந்த அந்த மேட்டு நிலத்தில், ஷெஃபீல்டு நகருக்குத் தென்மேற்கே இவ்வூர் அமைந்திருக்கிறது. 'ஈம்' என்பது இதன் பெயர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர் 'ஈமம்' என்னும் சுடுகாட்டுச் சொல்லை நினைவூட்டும். இவ்வூருக்கு நேர்ந்ததை அறிந்தவர்க்கு அவ்வொற்றுமை வியப்பாகவும் தோன்றும். எனினும் பெயரின் பொருள் வேறு. பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. ஓடைகளுக்கு இடைப்பட்ட நிலம் என்பது கருத்து. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எடுப்பித்த நிலக்கணக்கிலேயே இவ்வூர் இடம்பெற்றுவிட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் தொகை 969. நம் நாட்டுக் கணக்கில் இது ஒரு குக்கிராமமே.

இங்கிலாந்தின் சிற்றூர்கள் தேவாலயத்தை மையமாகக் கொண்டு வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டவை. அவ்வாறான வட்டத்தைத் தமிழ்நாட்டுக் கிறித்தவர் 'பங்கு' என்றும் 'சேகரம்' என்றும் வழங்குவர். நம் ஊர்களில் ஒரு பள்ளிவாசலைச் சார்ந்து மஹல்லா அமைவதை எண்ணிப் பார்த்தால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். பிறப்பும் மணமும் இறப்பும் தேவாலயப் பதிவேட்டில் எழுதப்படும். ஏழைகளுக்கு உதவுவதும் வழிகளைச் செப்பனிடுவதும் அவ்வட்டத்தாரின் பொறுப்புகள். ஊரின் நன்மை தீமைகளில் பாதிரியாரின் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஈம் ஊரார் உழவும் ஆட்டு வளர்ப்பும் செய்தனர்; நிலத்தடியில் ஈயத்தை அகழ்ந்தும் பிழைத்தனர். தேவாலய முற்றத்தில் நிற்கும் கற்சிலுவை எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதன் தண்டின் ஒரு பகுதி சிதைந்து போயிற்று. எஞ்சியவற்றை மட்டுமே இன்று காண்கிறோம். 1665ஆம் ஆண்டு வரை ஈம் ஊரின் கதை, அக்கம்பக்கத்து ஊர்கள் எதற்கும் பொருந்தக்கூடிய கதையாகவே இருந்தது.

லண்டனிலிருந்து வந்த துணி மூட்டை

1665ஆம் ஆண்டு லண்டன் மாநகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் சூறையாடியது. அரசாங்கக் கணக்கின்படியே 68,000க்கும் மேற்பட்டோர் அவ்வாண்டில் அங்கு மாண்டனர். ஈம் ஊருக்கோ லண்டன் பல நாள் பயணத் தொலைவு. ஆயினும் அந்தத் தொலைவை ஒரு துணி மூட்டை கடந்து வந்தது.

ஈம் ஊரில் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டு என்னும் தையற்காரர் இருந்தார். அவ்வாண்டு கோடையின் இறுதியில் அவருக்கு லண்டனிலிருந்து துணிகள் வந்து சேர்ந்தன. வீட்டில் தங்கித் தொழில் செய்துவந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் மூட்டையைப் பிரித்தார். ஈரமாக இருந்த துணிகளை அடுப்பருகே விரித்து உலர்த்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சில நாள்களில் அவர் நோயுற்றார். செப்டம்பர் 7ஆம் நாள் அவருடைய அடக்கம் நடைபெற்றது. அடுத்து, அதே வீட்டுச் சிறுவன் எட்வர்டு கூப்பர் இறந்தான். பின்னர் அண்டை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் 40க்கும் மேற்பட்டோர் மறைந்தனர்.

துணிக்குள் இருந்தது என்ன என்பதை அவர்கள் அறியார். நச்சுக் காற்றே நோயைத் தருகிறது என்று அக்கால மருத்துவர் நம்பினர். பிளேக் நோயின் நுண்ணுயிரை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல்தான். எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுவதைப் பால் லூயி சீமோன் கராச்சி நகரில் ஆராய்ந்து காட்டியது 1898இல். ஈம் ஊரார் தம் பகைவனின் முகத்தைக் காணாமலேயே போரிட்டார்கள். இதை மறந்துவிட்டு அவர்களுடைய செயலை மதிப்பிடுதல் முறையாகாது.

குளிர்காலத்தில் நோயின் கடுமை தணிந்தது. வசந்தம் பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதென்று பலர் ஆறுதல் கொண்டனர். ஆனால் 1666ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாவு மீண்டும் தலைதூக்கியது. ஓடிவிடலாமா என்னும் கேள்வி ஊரில் எழுந்தது.

இரு பாதிரிமார்

இக்கட்டத்தில் இருவர் முன்வருகின்றனர். ஒருவர் வில்லியம் மோம்பெசன். ஈம் ஊரின் பாதிரியார். ஊருக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. முப்பது வயதையும் எட்டாத இளைஞர். மற்றவர் தாமஸ் ஸ்டான்லி. அதே ஊரில் முன்பு பாதிரியாராக இருந்தவர். அரச ஆட்சி மீண்டபோது அவர் பதவியை இழந்தார். 1662ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், எல்லாப் பாதிரிமாரும் அரசு ஏற்பளித்த வழிபாட்டு நூலையே பின்பற்ற வேண்டுமென விதித்தது. ஸ்டான்லி அதற்கு இணங்கவில்லை. ஆயினும் ஊரார் பலருக்கு அவர்மீதே பற்று மிகுதி.

இவ்விருவரும் கொள்கையால் எதிரெதிர் முகாமினர். ஒருவர் வீற்றிருந்த இடம் மற்றவர் இழந்த இடம். அத்தகைய இருவர் ஒரே மேசையருகே அமர்ந்து கலந்து பேசியதே ஈம் வரலாற்றின் முதல் வியப்பு என்று நாம் கருதுகிறோம். மோம்பெசனின் சொல்லை மட்டும் கேட்டு ஊர் கட்டுப்பட்டிருக்குமா என்பது ஐயமே. ஸ்டான்லி உடனிருந்தமையால்தான் இரு தரப்பாரும் இணங்கினர்.

அவர்கள் எடுத்த முடிவுகள் மூன்று. முதலாவது, இறந்தோரைத் தேவாலய முற்றத்துக்குக் கொண்டு வராமல், அவரவர் குடும்பத்தாரே தத்தம் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்வது. இரண்டாவது, தேவாலயத்தை மூடிவிட்டு, குக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கின் திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று வழிபடுவது. மூன்றாவது, ஊர் எல்லையை எவரும் தாண்டாதிருப்பது. உள்ளேயும் எவரும் வாராதிருப்பது.

முதல் முடிவின் கடுமையை நாம் நன்கு உணர்வோம். பலர் கூடி நின்று இறுதிக் கடன் செய்ய வேண்டுமென்பதும், முன்னோர் உறங்கும் இடத்தில் தாமும் உறங்க வேண்டுமென்பதும் எல்லாச் சமுதாயத்து மக்களின் உள்ளத்திலும் ஊறிய விருப்பங்கள். அதை விட்டுக்கொடுப்பது உயிரை விட்டுக்கொடுப்பதைவிட எளிதன்று.

எல்லைக்கல்லும் நீரூற்றும்

கட்டுப்பாட்டை ஏற்ற ஊர் எதை உண்டு வாழ்வது? சில கல் தொலைவிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயர் பிரபு இருந்தார். ஊரார் எல்லைக்குள்ளேயே இருப்பதாயின் உணவும் பிற தேவைகளும் கிடைக்கச் செய்வதாக அவர் மோம்பெசனுக்கு உறுதியளித்தார். அவ்வாறே பண்டங்கள் எல்லையோரத்தில் வந்திறங்கின. கொண்டு வந்தோர் வைத்துவிட்டு அகல்வர். பின்னரே ஊரார் வந்து எடுத்துச் செல்வர்.

அத்தகைய இடங்களுள் இரண்டு இன்றும் உள்ளன. ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் இருக்கும் நீரூற்று ஒன்று. அதனை மோம்பெசன் கிணறு என்றே அழைக்கின்றனர். மற்றொன்று, ஈம் ஊருக்கும் ஸ்டோனி மிடில்டன் ஊருக்கும் இடையே ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் கிடக்கும் எல்லைக்கல். அதன் மேற்பரப்பில் சிறு குழிகள் குடையப்பட்டிருக்கின்றன. வினிகர் எனப்படும் காடியை அக்குழிகளில் நிரப்பி, வாங்கிய பொருளுக்கான காசுகளை அதனுள் இட்டுவைப்பார்களாம். தம் கை பட்ட நாணயம்கூட அயலூராருக்குத் தீங்கு செய்துவிடலாகாது என்பது அவர்கள் எண்ணம்.

கல்லளவில் அது பெரிதன்று. சிற்பமோ எழுத்தோ அதிலில்லை. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறக்கூடிய சாதாரணப் பாறை. ஆயினும் பட்டினி கிடந்த வேளையிலும் கொடுக்கல் வாங்கலில் நேர்மை தவறாத, அச்சத்தின் நடுவிலும் அயலானை நினைத்த மக்களின் சான்றாக அது இருக்கிறது. மன்னர்கள் நாட்டிய வெற்றித் தூண்களில் 'இதுவரை வென்றோம்' என்னும் பெருமை பொறிக்கப்பட்டிருக்கும். இந்தக் கல்லோ, 'இதற்கு அப்பால் எம்மால் எவருக்கும் கேடில்லை' என்று வாய் திறவாமலே கூறுகிறது.

ரைலி கல்லறைகள்

1666 ஜூலை மாதத்தில் 56 பேரும், ஆகஸ்டு மாதத்தில் 78 பேரும் மாண்டனர். ஒரு நாளுக்கு இரண்டுக்கு மேற்பட்ட சாவுகள். ஊரின் கிழக்கே மேட்டு நிலத்தில் ஹான்காக் குடும்பத்தின் பண்ணை இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் தொடங்கி எட்டு நாள்களுக்குள், எலிசபெத் ஹான்காக் என்னும் அம்மையார் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். உதவிக்கு எவரும் வர இயலாத நிலை. குழிகளைத் தாமே தோண்டினார். உடல்களைத் தாமே இழுத்துச் சென்று மண்ணிலிட்டார். தாம் மட்டும் நோய்வாய்ப்படவில்லை. பின்னர் ஷெஃபீல்டில் தொழில் பயின்றுகொண்டிருந்த, எஞ்சியிருந்த மகனிடம் சென்று சேர்ந்தார்.

அவ்விடமே இன்று 'ரைலி கல்லறைகள்' எனப்படுகிறது. திறந்த வயலின் நடுவே வட்டமான கற்சுவர். அதனுள் கல்லறைக் கற்கள். இப்போதுள்ள ஒழுங்கில் அவை பிற்காலத்தில் வரிசைப்படுத்தப்பட்டவை. சுற்றிலும் ஆடுகள் மேய்கின்றன. காற்று ஓயாமல் வீசுகிறது. ஈம் ஊரின் சின்னங்களுள் பார்ப்போரை நெடுநேரம் நிறுத்திவைப்பது இதுவே.

தையற்காரர் ஹாட்ஃபீல்டின் மனைவி மேரியின் கதையும் இத்தகையதே. முதலில் பிள்ளைகளையும் பின்னர் கணவரையும் பறிகொடுத்த அவர், உறவினர் 13 பேரை இழந்தும் தாம் உயிர் பிழைத்தார். அவர் வாழ்ந்த வீடு தேவாலயத்துக்கு அருகில் இன்றும் இருக்கிறது. அதன் முகப்பிலும், அதையொட்டிய வீடுகளின் முகப்பிலும், உள்ளே இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய பலகைகள் நடப்பட்டுள்ளன. அவ்வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

பாதிரியாரின் இல்லத்தையும் நோய் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளோடு ஊரைவிட்டுப் போய்விடுமாறு கணவர் கேட்டுக்கொண்டும், மறுத்து உடனிருந்து நோயாளிகளைப் பேணியவர் கேத்தரின் மோம்பெசன். ஆகஸ்டு 25ஆம் நாள் அவரும் மறைந்தார். பழைய கற்சிலுவைக்கு அருகில் அவருடைய கல்லறை இருக்கிறது. நவம்பர் முதல் நாளன்று நிகழ்ந்த சாவோடு நோய் ஓய்ந்தது. துணிகளையும் படுக்கைகளையும் எரித்து, வீடுகளைப் புகையூட்டித் தூய்மை செய்தனர்.

மரபும் சான்றும்

இறந்தோர் எத்தனை பேர்? நோய் நின்றபின் அந்த நவம்பரில் மோம்பெசன் எழுதிய கடிதத்தில், 76 குடும்பங்களில் 259 பேர் மாண்டதாகக் குறிப்பிடுகிறார். வழக்கில் 260 என்பர். பதிவேட்டை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு 257 எனக் கணக்கிட்டது. இன்றுள்ள பதிவேடோ மூலமன்று. 1705ஐ ஒட்டி எழுதப்பட்ட படி. ஆகவே ஓரிரு எண்கள் முன்பின்னாக இருப்பதில் வியப்பில்லை.

ஊரின் மொத்த மக்கள் தொகையைப் பற்றித்தான் பெரிய வேறுபாடு. வில்லியம் வுட் என்னும் உள்ளூர் வரலாற்றாசிரியர் 1842இல் வெளியிட்ட நூலின் வழியாக, 350 பேரில் 83 பேரே எஞ்சினர் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 1664ஆம் ஆண்டின் அடுப்பு வரிக் கணக்கை வைத்து நோக்கின், ஊரில் 700 பேரளவில் வாழ்ந்திருக்க வேண்டுமெனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். அப்படியாயினும், மூவரில் ஒருவருக்கு மேல் மாண்டனர் என்பதில் மாற்றமில்லை. உண்மையே போதுமான அளவுக்குக் கொடியது. அதை ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை.

இன்னொரு வினாவும் உண்டு. ஊரார் தாமாகவே கட்டுப்பட்டனரா, அன்றி வேறு வழியின்றி அடங்கினரா? பாட்ரிக் வாலிஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2006இல் இவ்வினாவை வலுவாக எழுப்பினார். நிகழ்ச்சி நடந்த காலத்தில் இதைத் தியாகமென்று எவரும் கொண்டாடவில்லை. பிற்கால எழுத்தாளரும் கவிஞரும் தத்தம் காலத்துச் சுவைக்கேற்ப வீரக் காவியமாக்கினர் என்பது அவர் கருத்து. ஈம் ஊரிலேயே 1742இல் பிறந்த ஆனா சீவார்டு என்னும் பெண்பாற் புலவரும் இக்கதையைப் பரப்பியோருள் ஒருவர். அக்காலச் சட்டமும் கருணையற்றது. நோய் கண்ட வீட்டாரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்க 1604ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரிகளுக்கு இடமளித்தது. ஷெஃபீல்டு நகரின் பழைய கணக்கேட்டில், ஈம் ஊரில் நோய் இருந்த காலத்தில் அங்கிருந்து வருவோரைத் தடுக்கச் செய்த காவற் செலவு பதிவாகியிருக்கிறது. ஆக, எல்லைக்கு அப்பாலும் காவல் இருந்தது.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும், ஒன்றை மறுக்க இயலாது. சட்டம் அடைக்கச் சொன்னது நோய் கண்ட வீட்டை. ஈம் ஊரில் நோய் காணாதவரும் நோய் கண்டவரோடு சேர்ந்து நின்றனர். நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த ஊரில், சுற்றிலும் குன்றும் காடும் இருக்க, இரவில் ஒருவர் நழுவிச் செல்வதைத் தடுக்கப் போதிய காவற்படை எங்கிருந்தது? அச்சம் ஒருபுறம் அவர்களைத் தடுத்திருக்கலாம். அடுத்த ஊரில் கல்லெறி காத்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கலாம். மனிதர் செய்யும் நற்செயல்களில் கடமையும் கட்டாயமும் இப்படிக் கலந்தே இருக்கின்றன. கட்டாயத்தின் கலப்பு இருந்தமையால் கடமை பொய்யாகிவிடாது.

அந்தத் தியாகத்தால் பயன் விளைந்ததா என்றும் கேட்பதுண்டு. எலிக்கு எல்லைக்கல் ஏது என்று ஏளனம் செய்தோரும் உளர். மேலே சொன்ன 2016ஆம் ஆண்டின் ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோ ஆகிய இருவரும் ஒவ்வொரு வீட்டிலும் சாவுகள் நிகழ்ந்த வரிசையைக் கணக்கிட்டு, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குத் தொற்றுகள் மனிதரிடமிருந்து மனிதருக்கே சென்றன என்னும் முடிவுக்கு வந்தனர். அவ்வாறாயின், மனிதர் எல்லை தாண்டாதிருந்தது வீண் செயலாகாது. அதே வேளையில், ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்த குடும்பங்களுக்கு அது எத்துணை ஆபத்தாயிற்று என்பதையும் அக்கணக்கு காட்டுகிறது.

விலை கொடுத்தவர் எவர்?

ஈம் ஊரின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் மோம்பெசனை நடுநாயகமாக வைத்தே சொல்வர். அவர் பெருமைக்குரியவர்தாம், மனைவியை இழந்தும் பணியை விடவில்லை. ஆனால் கட்டுப்பாடு வருமுன்னரே தம் இரு குழந்தைகளையும் அவர் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். ஊரின் செல்வக் குடும்பத்தாருள் சிலரும் முன்பே வெளியேறினர். பெரிய மாளிகைக்கு உரியவரான பிராட்ஷா குடும்பத்தார் அவ்வாறு அகன்றவரே. தந்தை என்ற முறையில் மோம்பெசனை நாம் பழிப்பதற்கில்லை. ஆயினும், எங்கேனும் உறவும் கையில் பொருளும் உடையோர் போக முடிந்தது. சுரங்கத் தொழிலாளிக்கும் கூலியாளுக்கும் போக்கிடமில்லை. நாடு காக்கப்பட்டதற்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் அவர்களே.

மோம்பெசன் 1669இல் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள ஈக்ரிங் என்னும் ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். நோயூரிலிருந்து வந்தவர் என்று அஞ்சி, அவ்வூரார் அவரை உள்ளே விடத் தயங்கினர் என்றும், சில காலம் ஒதுக்குப்புறத்தில் குடிசையில் தங்கி, மரத்தடியில் நின்று அவர் போதித்தார் என்றும் கூறுவர். பிறர் நலம் கருதிக் கதவை அடைத்தவருக்கே கதவு அடைக்கப்பட்டது. ஸ்டான்லி ஈம் ஊரிலேயே தங்கி 1670இல் காலமானார். சட்டத்துக்கு இணங்காத அவரை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டுமெனச் சிலர் முறையிட்டபோது, டெவன்ஷயர் பிரபு அவருக்கு ஆதரவாகப் பேசினாராம். பதவியில் இருந்தவரின் புகழ் நூல்களில் வளர்ந்தது. பதவி இழந்தவரின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. அவருக்கும் தேவாலய முற்றத்தில் நினைவுக்கல் எழுப்பப்பட்டது பிற்காலத்தில்தான்.

இன்றைய ஈம்

இன்று அவ்வூருக்குச் செல்வோர் முதலில் காண்பது செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். அதன் தென்புறச் சுவரில் 1775ஆம் ஆண்டில் பதித்த நிழற்கடிகாரம் உள்ளது. உள்ளூர் நேரத்தோடு தொலைநாட்டு நகரங்களின் பெயர்களையும் அதில் பொறித்திருக்கின்றனர். அவற்றுள் மக்காவின் பெயரும் ஒன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் வெளியுலகத்துக்குத் தன் கதவைச் சாத்திக்கொண்ட ஊர், பின்னொரு நாள் தன் சுவரிலேயே உலகத்தை எழுதிவைத்துக்கொண்டதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

தேவாலயத்தினுள் 1985ஆம் ஆண்டில் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரம், கொள்ளைநோய்க் காலத்துக் காட்சிகளைச் சித்திரிக்கிறது. பழைய கிறித்தவ வழிபாட்டு மன்றமொன்று 1994முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. நோய் நீங்கிச் சில ஆண்டுகளுக்குள் ரைட் குடும்பத்தார் எழுப்பிய ஈம் மாளிகையும், அதன் எதிரே பசும்புல் திடலில் குற்றவாளிகளின் கால்களைப் பிணைத்த பழைய மரத் தளையும் இருக்கின்றன. ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்தன; பட்டு நெசவும் காலணித் தொழிலும் வந்து சென்றன. ஒவ்வோராண்டும் ஆகஸ்டு மாதத்தின் இறுதி ஞாயிறன்று, முன்னோர் இடைவெளி விட்டு நின்ற அதே குக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் மக்கள் கூடி நினைவு வழிபாடு நடத்தும் வழக்கம் ஏற்பட்டுள்ளது.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபோது, பலநாட்டு ஏடுகளும் ஈம் ஊரின் பெயரை மீண்டும் எழுதின. அந்த ஆண்டை நாமும் மறந்திருக்க மாட்டோம். நெருங்கிய உறவினரின் அடக்கத்துக்கும் செல்ல முடியாமல் வீட்டுக்குள் அமர்ந்து கண்ணீர் வடித்தவர் நம்மிலும் எத்தனையோ பேர். அயலவரின் நலனுக்காக நம் விருப்பத்துக்கு வரம்பு கட்டுவது எத்துணை அரிது என்பதையும், அவ்வரம்பின் சுமை ஏழையின் தோளில்தான் மிகுதியாக விழுகிறது என்பதையும் அந்நாள்கள் நமக்குக் கற்பித்தன. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீடுகளை நாம் கண்ணால் கண்டோம். ஈம் ஊருக்கு உணவு கொண்டு வந்து எல்லையில் வைத்தவர்கள் இல்லையேல், அந்தக் கட்டுப்பாடு ஒரு வாரமும் நிலைத்திராது. விலகி நிற்கச் சொல்லும் சமுதாயம் உணவு கொடுக்கவும் கடமைப்பட்டது. எல்லைக்கல்லின் இரு புறத்திலும் மனிதர் இருந்தனர்.

நம் ஊர்களிலும் இத்தகைய சிறு சின்னங்கள் உண்டு. பயன்பாடற்ற கிணறு, பெயர் தெரியாத கல்லறை, எழுத்து மங்கிய நடுகல், பழைய பதிவேட்டின் செல்லரித்த ஏடு. இவற்றை வெறுங்கல் என்றும் வெறுந்தாள் என்றும் ஒதுக்கிவிடுகிறோம். ஈம் ஊரார் தம் பதிவேட்டைப் படியெடுத்துக் காத்தமையால்தான், மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஒரு தையற்காரரின் மனைவியையும் ஒரு பண்ணைத் தாயையும் நாம் பெயர் சொல்லிப் பேச முடிகிறது. நம் ஊரின் மூத்தோர் நினைவிலும் மூலையில் கிடக்கும் ஏட்டிலும் எவருடைய பெயர்கள் எஞ்சியிருக்கின்றன என்று இன்றே தேடத் தொடங்குவோமாக!